நடிகர் பேச்சைப் பகிர்ந்து நான்கு வரி திட்டினேன்: சிங்கப்பூரில் இது உரிமையா, வம்பா?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் வைத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டு நடிகர் ஒருவர் பாடல் வெளியீட்டு மேடையில் உங்கள் சமயத்தைப் பற்றிச் சொன்னது உங்களைப் புண்படுத்திவிட்டது. அந்தக் காணொளித் துண்டை ஃபேஸ்புக்கில் பகிர்ந்து, மேலே நான்கு வரி எழுதினீர்கள்: “மேடையிலேயே எங்கள் சமயத்தை அவமதித்தார். இப்படிப் பேச ஒரு கட்சியிடம் காசு வாங்கினாராம். அவங்க மதத்து ஆளுங்க எல்லாருமே இப்படித்தான். டிசம்பரில் இங்கே நடக்கும் நிகழ்ச்சிக்கு யாரும் டிக்கெட் வாங்காதீர்கள்.” அதைப் பார்த்த நண்பர், “பேச அவருக்கு உரிமை இருக்கிறது. எஸ் பாஸில் இருக்கும் உனக்குத்தான் இங்கே வம்பு” என்று சொல்லிவிட்டார். (எஸ் பாஸ் என்பது வெளிநாட்டவருக்குச் சிங்கப்பூர் தரும் வேலை அனுமதிகளில் ஒன்று.) அவர் சொன்னது சரியா என்பது உங்கள் கேள்வி.

இதற்குள் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பேசியதற்காக அவரை ஓர் அரசு தண்டிக்கலாமா? பேச்சு பிடிக்காதவர்கள் அவரைப் புறக்கணித்தால் அவருடைய உரிமை பறிபோகிறதா? நீங்கள் எழுதிய நான்கு வரிகள் இந்த ஊர்ச் சட்டத்தின் முன் எப்படி நிற்கும்? இணையத்தில் நடக்கும் சண்டையெல்லாம் முதல் கேள்வியைச் சுற்றியே நடக்கிறது. உங்களுக்கு இன்று வேண்டியது கடைசிக் கேள்வியின் விடை. ஊடகச் சட்டம் படித்து, எழுத்துகளை வெளியிடுமுன் சரிபார்க்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில் அதற்கே அதிக இடம் தருகிறேன். இது பொது விளக்கம்தான். காவல்துறையிடமிருந்தோ வழக்கறிஞரிடமிருந்தோ உங்களுக்குக் கடிதம் வந்துவிட்டால், இந்தப் பதிலை ஓரமாக வைத்துவிட்டு நேரே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

நண்பர் பாதி சரி. இந்திய அரசமைப்பின் 19ஆவது பிரிவு பேச்சுரிமை தருகிறது. சிங்கப்பூர் அரசமைப்பின் 14ஆவது பிரிவும் தருகிறது. இரண்டுமே குடிமக்களுக்கு மட்டும். அந்த நடிகர் சென்னை மேடையில் பேசும்போது அவருக்கு 19ஆவது பிரிவு துணை நிற்கும். சிங்கப்பூர் மேடையில் ஏறினால் 14ஆவது பிரிவு துணைக்கு வராது. எஸ் பாஸ், வேலை அனுமதிச் சீட்டு, எம்ப்ளாய்மென்ட் பாஸ் வைத்திருப்பவர்களுக்கும் அதே நிலைதான். நிரந்தரவாசிகளும் இதில் குடிமக்களோடு சேர மாட்டார்கள். வெளிநாட்டவர் வாயே திறக்கக் கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. சட்டம் தடுக்காததை எல்லாரும் பேசலாம். ஆனால் ‘அரசமைப்பு எனக்கு இந்த உரிமையைத் தந்திருக்கிறது’ என்று நீதிமன்றத்தில் நின்று சொல்லும் இடம் குடிமகனுக்கு மட்டுமே உண்டு.

இரண்டு பிரிவுகளின் சொற்களிலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. இந்தியாவில் பேச்சுக்கு விதிக்கும் கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும். அதை எடைபோடுவது நீதிமன்றத்தின் வேலை. சிங்கப்பூரில், பாதுகாப்பு, பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு போன்ற காரணங்களுக்காகத் தேவை அல்லது உகந்தது என்று நாடாளுமன்றம் கருதும் கட்டுப்பாட்டைச் சட்டமாக்கலாம். எவ்வளவு கட்டுப்பாடு போதும் என்பதில் முதல் சொல் நாடாளுமன்றத்துடையது. 1964இல் ஜூலையிலும் செப்டம்பரிலும் நடந்த இனக் கலவரங்களில் 36 பேர் இறந்த ஊர் இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அந்தச் சொற்கள் எங்கிருந்து வலுப்பெற்றன என்பது விளங்கும். அந்த வரலாறு இன்றைய ஒவ்வொரு கட்டுப்பாட்டையும் நியாயப்படுத்திவிடும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அதைத் தெரிந்துகொள்ளாமல் இங்குள்ள சட்டத்தைத் திட்டுவதும் பயனற்றது.

இந்தியாவில் நடிகர்களுக்கு இந்த உரிமை நடைமுறையில் எவ்வளவு விலை கேட்கிறது என்பதற்குக் குஷ்பு வழக்கைவிடத் தெளிவான பாடம் தமிழுலகில் இல்லை. 2005இல் ஒரு வார இதழின் கருத்துக்கணிப்பையொட்டி, திருமணத்துக்கு முந்தைய பாலுறவு பற்றி அவர் ஒரு கருத்தைச் சொன்னார். தமிழ்ப் பெண்களின் மானத்தைக் கெடுத்துவிட்டார் என்று ஊர் ஊராகப் போராட்டம். பல நீதிமன்றங்களில் 23 குற்றப் புகார்கள். 2010 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்தது. ஒழுக்கம் பற்றிய கருத்து ஆளுக்கு ஆள் மாறும், ஒழுக்கக் கேடு என்று சிலர் நினைப்பதெல்லாம் குற்றமாகிவிடாது என்பது தீர்ப்பின் சாரம். உங்கள் கேள்விக்கு அதைவிட முக்கியமான இன்னொரு புள்ளியும் அதில் உண்டு. ‘தமிழ்ப் பெண்கள்’ என்ற எல்லையில்லாத கூட்டத்தின் பெயரால் ஒருவர் வந்து எனக்கு அவதூறு நேர்ந்தது என்று வழக்குப் போட முடியாது. அந்தச் சொல் அவரைத்தான் குறித்தது என்று அடையாளம் காணும்படி இருக்க வேண்டும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் மூன்றாவது வரிக்கு வரும்போது தேவைப்படும். இன்னொன்று: வென்றது குஷ்புதான், ஆனால் வெல்ல ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆயின. தீர்ப்பு வரும்வரை நடக்கும் அலைச்சலே தண்டனையாகிவிடும் ஊரில், உரிமை ஏட்டில் இருந்தாலும் பேசுபவருக்குப் பயம் விடாது.

இப்போது உங்கள் நான்காவது வரியிலிருந்து தொடங்குகிறேன். டிக்கெட் வாங்காதீர்கள் என்று சொல்வது தவறில்லை. ஒருவர் பேசியது பிடிக்காததால் அவருடைய படத்தைப் பார்க்காமல் இருப்பதும், மற்றவர்களையும் பார்க்க வேண்டாம் என்று கேட்பதும், நிகழ்ச்சிக்குப் பணம் கொடுக்கும் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதுவதும் பேச்சுரிமையின் பகுதியே. நடிகருக்குப் பேச உரிமை உண்டு. கைதட்டல் கேட்டு வாங்கும் உரிமை கிடையாது. புறக்கணிப்பு எப்போது வேறொன்றாக மாறுகிறது என்பதற்கு 2025இல் கமல்ஹாசனுக்கு நேர்ந்தது நல்ல எடுத்துக்காட்டு. சென்னையில் ‘தக் லைஃப்’ விழாவில், தமிழிலிருந்து பிறந்ததுதான் கன்னடம் என்ற பொருளில் அவர் சொன்னார். மன்னிப்புக் கேட்காவிட்டால் படத்தை வெளியிட விட மாட்டோம் என்று கர்நாடகத் திரைப்பட வர்த்தக சபை அறிவித்தது. ஜூன் 5 அன்று படம் மற்ற இடங்களில் வெளியானபோது கர்நாடகத்தில் வெளியாகவில்லை. தணிக்கைச் சான்றிதழ் பெற்ற படத்தைத் திரையிட மாநில அரசு பாதுகாப்புத் தர வேண்டும், கும்பலின் மிரட்டலுக்கு இடம் கொடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் ஜூன் 17 அன்று சொன்னது. கவனியுங்கள்: படம் பார்க்க மாட்டேன் என்ற கன்னட ரசிகரை நீதிமன்றம் குறை சொல்லவில்லை. பார்க்க விரும்புகிறவரையும் பார்க்க விடமாட்டோம் என்ற மிரட்டலைத்தான் குறை சொன்னது. அந்த மொழியியல் கருத்து ஆய்வாளர்கள் ஏற்காத ஒன்று என்பது தனிச் செய்தி. தமிழும் கன்னடமும் ஒரே திராவிட மூலத்திலிருந்து கிளைத்த உடன்பிறப்புகள் என்பதுதான் பொதுவாக ஏற்கப்பட்ட நிலை. தவறான கருத்தைச் சொல்லவும் ஒருவருக்கு உரிமை உண்டு, அது தவறு என்று பொதுவில் சொல்ல மற்றவருக்கும் உரிமை உண்டு என்பதை அந்த ஒரு மாதம் தெளிவாகக் காட்டியது.

சிங்கப்பூரில் புறக்கணிப்புக்கு எழுத்து போதும், தெருவில் இறங்காதீர்கள். பொது ஒழுங்குச் சட்டம் 2009இலிருந்து நடப்பில் இருக்கிறது. அதன் கீழ், அரங்க வாசலில் ஒரே ஒருவர் தனியாக ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் அது கூட்டமாகக் கருதப்படலாம். காவல்துறை அனுமதி வேண்டும். அனுமதியின்றி ஏற்பாடு செய்பவருக்கு 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரையும், கலந்துகொள்பவருக்கு 3,000 வெள்ளி வரையும் அபராதம் உண்டு. ஹோங் லிம் பூங்காவில் உள்ள பேச்சாளர் முனை 2000 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அனுமதி இல்லாமல் அங்கே கூட்டம் கூட்டலாம் என்றாலும், ஏற்பாடு செய்வது குடிமகனாக இருக்க வேண்டும், நிரந்தரவாசி கலந்துகொள்ளலாம், உங்களைப் போன்ற பாஸ் வைத்திருப்பவருக்கு அதுவும் இல்லை. சமயம், இனம் தொடர்பான பேச்சுக்கு அங்கும் விலக்கு கிடையாது. ‘சும்மா ஓரமாக நின்று பார்த்தேன்’ என்று சொல்லிக்கொள்ளலாம் என நினைத்துப் போகாதீர்கள்.

நிகழ்ச்சியே நடக்கக் கூடாது என்று நினைத்தால் அதற்கும் முறையான வழி உண்டு. இங்கே கலை நிகழ்ச்சிகளுக்குத் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் உரிமம் வேண்டும். நிகழ்ச்சியில் ஆட்சேபத்துக்குரியது என்ன இருக்கும் என்று நீங்கள் கருதுவதை எழுதி அனுப்பலாம். உரிமம் கிடைத்த நிகழ்ச்சியும் நிற்கக்கூடும்: 2019 மார்ச் 7 அன்று வாட்டெய்ன் என்ற ஸ்வீடன் இசைக்குழுவின் நிகழ்ச்சி அரங்கேறச் சில மணி நேரம் இருக்கும்போது ரத்தானது. கிறிஸ்துவர்களைப் புண்படுத்தும் பாடல்கள் என்பது காரணம். அதற்கு முன்பு நிபந்தனைகளுடன் அனுமதி கொடுத்திருந்தார்கள். வேறு நாட்டில், வேறு மேடையில் பேசிய ஒரு வாக்கியத்துக்காக ஒரு பாட்டுக் கச்சேரியை நிறுத்துவது சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை. இங்கே அவர் மேடையில் என்ன செய்யப்போகிறார் என்பதை வைத்துத்தான் முடிவு இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் எழுதிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

முதல் வரிக்கு வருவோம். ‘எங்கள் சமயத்தை அவமதித்தார்’ என்பதில் நடந்த செய்தியும் உங்கள் தீர்ப்பும் கலந்திருக்கின்றன. அவர் எந்தச் சொற்களைச் சொன்னார் என்பது செய்தி. அது அவமதிப்பு என்பது கருத்து. பொதுநலம் சார்ந்த விஷயத்தில், உண்மையான செய்தியின் மேல், நேர்மையான மனிதர் ஒருவர் கொள்ளக்கூடிய கருத்தைச் சொன்னால், அவதூறு வழக்கில் அது நியாயமான விமர்சனம் என்ற தற்காப்பாக நிற்கும். வன்மத்தால் எழுதியது என்று நிரூபணமானால் அந்தத் தற்காப்பு உடைந்துவிடும். ஆகவே விமர்சனத்துக்குக் கீழே செய்தி உறுதியாக இருக்க வேண்டும், அதற்கு உழைக்க வேண்டும். நீங்கள் பகிர்ந்தது 22 விநாடித் துண்டு என்கிறீர்கள். முழு உரையையும் தேடிப் பாருங்கள். அந்த வாக்கியத்துக்கு முன்பும் பின்பும் குறைந்தது மூன்று நிமிடம் கேளுங்கள். சொன்னதை அப்படியே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த நாள், எந்த விழா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வேறொருவர் சொன்னதை மேற்கோள் காட்டி மறுத்துப் பேசிய இடத்தை வெட்டி, அதையே அவருடைய கருத்தாகக் காட்டும் துண்டுகள் மிக அதிகம் உலவுகின்றன. தமிழில் மேற்கோளை முடித்துவைக்கும் ‘என்று’ மேற்கோளின் கடைசியில்தான் வரும். அதற்கு முன்பே வெட்டிவிட்டால் மறுப்பு ஆதரவாகிவிடும். இது நம் மொழியின் அமைப்பால் வரும் ஆபத்து. காணொளி வெட்டுபவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

ஆங்கில வசன வரி போட்ட துண்டு என்றால் இன்னும் கவனம். ‘நாம்’ என்றால் கேட்பவரையும் சேர்த்து. ‘நாங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்லாகிவிடும். மேடையில் ஒருவர் ‘நாமதான் இப்படிச் செய்யறோம்’ என்று தன்னையும் சேர்த்துக் குறை சொன்னதை, ஒரு கூட்டத்தின் அகந்தையாக மொழிபெயர்த்துவிடலாம். ‘அவங்க’ என்ற சொல் மரியாதைக்காக ஒருவரைக் குறித்ததா, ஒரு சமூகத்தையே குறித்ததா என்பதும் முன்பின் வாக்கியம் இல்லாமல் தெரியாது. இங்கே சீன, மலாய் நண்பர்களும் உங்கள் பதிவைப் பார்ப்பார்கள். அவர்கள் கையில் இருப்பது அந்த வசன வரி மட்டும்தான்.

இரண்டாவது வரி: ‘காசு வாங்கினாராம்.’ அந்த ‘ஆம்’ உங்களைக் காப்பாற்றும் என்று நம்புகிறீர்கள். பேச்சுவழக்கில் அது ‘நான் பார்க்கவில்லை, கேள்விப்பட்டேன்’ என்று பொறுப்பை இறக்கிவைக்கிற விகுதி. அவதூறுச் சட்டத்தில் அப்படி இறக்கிவைக்க இடமில்லை. பிறர் சொன்ன அவதூறைத் திரும்பச் சொல்பவர் அதைத் தானே சொன்னவராகத்தான் கருதப்படுவார். ‘சொல்லிக்கொள்கிறார்கள்’, ‘தகவல் வருகிறது’, ‘கேள்விக்குறி போட்டுத்தானே எழுதினேன்’ என்பவற்றுக்கும் இதே கதிதான். பணம் வாங்கிப் பேசினார் என்பது செய்தி வடிவில் உள்ள குற்றச்சாட்டு. அதற்கு நியாயமான விமர்சனம் என்ற தற்காப்பு பொருந்தாது, உண்மை என்று நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு எழுதியவர் மேல். உரிமையியல் வழக்குக்குக் கால வரம்பு 6 ஆண்டு. குற்றவியல் அவதூறு தனியாக உண்டு, அதற்கு 2 ஆண்டு வரை சிறை. ஒரு நடிகர் உங்கள் மேல் வழக்குப் போடச் சிங்கப்பூர் வருவாரா என்றால், பெரும்பாலும் மாட்டார். ஆனால் இங்கே நிகழ்ச்சி நடத்தும் ஏற்பாட்டாளரின் பெயரும் அதே பதிவில் வந்திருந்தால், அவர் இங்கேயே இருக்கிறார். இந்த வரியை இப்போதே எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது வரிதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. உங்கள் கேள்வியில் அதைப் பற்றி நீங்கள் ஒரு சொல்கூடக் கவலைப்படவில்லை என்பதுதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது. ‘அவங்க மதத்து ஆளுங்க எல்லாருமே இப்படித்தான்.’ குஷ்பு வழக்கில் பார்த்தோமே, எல்லையில்லாத கூட்டத்தைப் பற்றிச் சொன்னால் அவதூறு நிற்காது என்று. சிங்கப்பூரிலும் அவதூறுச் சட்டம் அப்படித்தான். அதனால்தான் பலர் ஒரு நடிகரைப் பெயர் சொல்லித் திட்டப் பயந்து, ஒரு கூட்டத்தைப் பொதுவாகத் திட்டுவது பாதுகாப்பானது என்று நினைக்கிறார்கள். இங்கே நிலைமை தலைகீழ். தனி மனிதரின் கருத்தைக் கடுமையாக விமர்சித்தால் அது உங்களுக்கும் அவருக்கும் இடையிலான விவகாரம். ஒரு சமயத்தாரை அல்லது இனத்தாரை மொத்தமாகச் சொன்னால் அது உங்களுக்கும் அரசுக்கும் இடையிலான விவகாரம். சமயம் தொடர்பானவற்றுக்கு 1990இன் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. 2019இல் திருத்தி, திருத்தங்கள் 2022 நவம்பர் 1 முதல் நடப்புக்கு வந்தன. இனம் தொடர்பானவற்றுக்குக் குற்றவியல் சட்டத்தொகுப்பின் 298, 298ஏ பிரிவுகளைப் பயன்படுத்தி வந்தார்கள். 2025 பிப்ரவரியில் இன நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டத்தையும் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பழைய தேச நிந்தனைச் சட்டம் 2022 நவம்பரில் நீக்கப்பட்டதைக் காட்டி, ‘இனி பேசலாம்’ என்று எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். அதன் இன, சமயப் பகுதி செய்துவந்த வேலையை மற்றச் சட்டங்கள் செய்கின்றன.

இது ஏட்டுச் சட்டம் மட்டுமல்ல. 2017இல் இந்தியாவிலிருந்து வந்து இங்கே பணியாற்றிய ஓர் இமாம், தொழுகைக்குப் பின் யூதர்கள், கிறிஸ்துவர்களுக்கு எதிரான வரி ஒன்றை ஓதியதற்காக 4,000 வெள்ளி அபராதம் கட்டி, ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். மற்றச் சமயத் தலைவர்கள் முன்னிலையில் அவர் மன்னிப்பும் கேட்டிருந்தார். அந்தக் காணொளியை ஃபேஸ்புக்கில் ஏற்றியவரும் காவல்துறை விசாரணைக்கு உள்ளானார் என்பதுதான் உங்களுக்குரிய செய்தி. தவறைப் பார்த்தால் காவல்துறையிடம் கொண்டுபோங்கள், இணையத்தில் பரப்பாதீர்கள் என்பதே இங்குள்ள அதிகாரிகளின் நிலை. ‘நான் கண்டிக்கத்தானே பகிர்ந்தேன்’ என்ற பதில் நோக்கத்தைக் காட்ட உதவும். கேள்வியே வராமல் தடுக்காது.

உள்ளூர்ப் பிரபலங்களுக்கும் சலுகை இல்லை. 2019 ஜூலையில் மின்னணுப் பணம் செலுத்தும் சேவை விளம்பரம் ஒன்றில், சீன நடிகர் டென்னிஸ் சியூ தோல் நிறத்தைக் கருப்பாக்கிக்கொண்டு இந்தியராகவும், முக்காடிட்ட மலாய்ப் பெண்ணாகவும் வந்தார். மனம் புண்பட்டவர்களில் நம் ஆட்கள் ஏராளம். விளம்பரத்தில் சம்பந்தப்பட்டவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். அதைக் கண்டித்து ராப் காணொளி வெளியிட்ட சுபாஸ் நாயரும் அவருடைய சகோதரியும் 24 மாத நிபந்தனையுடன் கூடிய எச்சரிக்கை பெற்றார்கள். பிறகு வேறு சில பதிவுகளுக்காகவும் மேடைப் பேச்சுக்காகவும் சுபாஸ் நாயர்மீது குற்றம் சாட்டப்பட்டு, 2023இல் ஆறு வாரச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பாகுபாட்டைச் சுட்டிக்காட்டவே பேசினேன் என்ற அவருடைய வாதம் அவரைக் காப்பாற்றவில்லை. புண்படுத்திய விளம்பரம் மன்னிப்போடு முடிந்தது, புண்பட்டவரின் கோபம் காவல் நிலையம்வரை போனது என்ற மனக்குறை நம்மிடையே இன்னும் இருக்கிறது. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது என்றே நானும் நினைக்கிறேன். சிறுபான்மையினர் தம் வலியைச் சொல்லும் மொழிக்குச் சட்டம் இன்னும் கொஞ்சம் இடம் விட வேண்டும். ஆனால் இன்று நடப்பில் உள்ள கோடு அதுவல்ல. செயலைச் சொல்லுங்கள், செய்தவரைச் சொல்லுங்கள், அவருடைய இனத்தையோ சமயத்தையோ அதற்குக் காரணமாக்காதீர்கள்: கோடு ஏறத்தாழ அங்கேதான் இருக்கிறது.

பொய்ச் செய்திக்கு எதிரான பொஃப்மா சட்டம் பற்றியும் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். 2019 அக்டோபர் 2 முதல் நடப்பில் உள்ள அது, பொய்யான செய்திக் கூற்றுகளைத்தான் தொடும், கருத்தைத் தொடாது. அதோடு அமைச்சர் ஒருவர் பொதுநலன் இருக்கிறது என்றும் கருத வேண்டும். நடிகரைத் திட்டிய பதிவுக்கு அது வர வாய்ப்பு மிகக் குறைவு. வரக்கூடிய இடம் வேறு: இப்படிச் சர்ச்சை கிளம்பும்போதெல்லாம் ‘சிங்கப்பூர் அரசு அவருக்குத் தடை போட்டுவிட்டது’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றத் தொடங்கும். அதை முன்னனுப்பாதீர்கள். திருத்த உத்தரவு வந்தால், பதிவை அழிக்கச் சொல்வதில்லை. அவர்கள் தரும் திருத்தக் குறிப்பைக் குறித்த நேரத்துக்குள் பதிவோடு போட வேண்டும். பொய் என்று தெரியாமல் பகிர்ந்திருந்தாலும் உத்தரவு வரலாம், அது தண்டனை அல்ல. போடாமல் விட்டால்தான் தனிநபருக்கு 20,000 வெள்ளி வரை அபராதமோ 12 மாதம் வரை சிறையோ இரண்டுமோ. உத்தரவை ஏற்காதவர் முதலில் அமைச்சரிடம் விண்ணப்பிக்க வேண்டும், அவர் மறுத்தால் உயர் நீதிமன்றம். அதுவரை குறிப்பைப் போட்டிருக்கத்தான் வேண்டும்.

உறுதியாகச் சொல்லக்கூடியவை இவ்வளவுதான். மங்கலான இடங்களும் உண்டு. ஒரு கருத்தும் எழுதாமல் துண்டை மட்டும் பகிர்ந்தால் என்ன என்பதற்கு ஒரே விடை இல்லை. யாருக்கு அனுப்பினீர்கள், எந்தக் குழுவில், என்ன பேச்சுக்கு நடுவில் என்பதைப் பொறுத்து அது மாறும். 200 பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவைத் தனிப்பட்ட உரையாடல் என்று வாதிடுவது கடினம் என்பது என் கணிப்பு. சாதி பற்றிய பேச்சு இன்னொன்று. மேலே சொன்ன சட்டங்களின் மையச் சொற்கள் இனமும் சமயமும்தான். தமிழ்நாட்டுப் பிரபலங்களின் சர்ச்சைகளில் பாதி சாதியைச் சுற்றியவை. ஒரு சாதியாரை மொத்தமாக இழிவுபடுத்தும் பதிவை நீதிமன்றம் இனத்தோடு சேர்க்குமா, சமயத்தோடு சேர்க்குமா, இரண்டிலும் சேர்க்காமல் விடுமா என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் இல்லை. சேர்க்கும் என்று வைத்துக்கொண்டு நடப்பதே பத்திரம். தவிர, நடிகரின் ரசிகர் ஒருவர் உங்கள் பதிவில் சண்டைக்கு வந்தால் அவருடைய வேலையிடம், தொலைபேசி எண், வீட்டு முகவரியைப் போட்டுப் பழிவாங்காதீர்கள். தொல்லைகொடுக்கும் நோக்கத்தோடு ஒருவரின் அடையாள விவரத்தை வெளியிடுவது 2020 ஜனவரி 1 முதல் குற்றம். 5,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இப்போது செய்ய வேண்டியது. அழிப்பதற்கு முன் உங்கள் பதிவையும் அதன் கீழுள்ள பின்னூட்டங்களையும் தேதி தெரியும்படி படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு யாராவது வெட்டி ஒட்டிய வடிவத்தைக் கொண்டுவந்தால் அது உதவும். காவல்துறை ஏற்கெனவே தொடர்புகொண்டிருந்தால் எதையும் அழிக்காமல் முதலில் வழக்கறிஞரிடம் பேசுங்கள். தொடர்புகொள்ளவில்லை என்றால் இரண்டாவது, மூன்றாவது வரிகளை இன்றே நீக்குங்கள். வெட்டுத் துண்டுக்குப் பதிலாக முழு உரைக்கு இணைப்பு கொடுங்கள். முதல் வரியை, அவர் சொன்ன வாக்கியம் இது, இதை நான் அவமதிப்பாகப் பார்க்கிறேன், காரணம் இது என்று பிரித்து எழுதுங்கள். நான்காவது வரி அப்படியே இருக்கட்டும். பின்னூட்டத்தில் உங்களுக்கு ஆதரவாக வந்து அந்தச் சமயத்தாரைத் திட்டியிருப்பவர்களின் வரிகளையும் மறைத்துவிடுங்கள். மூன்றாவது வரியைப் பார்த்து மனம் வருந்தியவர்கள் உங்கள் நண்பர் பட்டியலிலேயே இருப்பார்கள். ஏன் அதை நீக்கினீர்கள் என்று அதே இடத்தில் ஒரு வாக்கியம் எழுதி, அவர்களிடம் வருத்தம் தெரிவியுங்கள்.